கரடிக்கு எதற்கு மழைக்கோட்டு?

குரோஷேயில் ஒரு கரடி பின்னத் தொடங்குபவர் முதலில் சின்ன வளையம் ஒன்றில் 6 கண்ணிகள் போடுகிறார். அடுத்த சுற்றில் அது 12, அதற்கடுத்து 18. இப்படி வட்டம் விரிந்து, பிறகு கூட்டாமல் நேராக ஏறி, கடைசியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வர, தட்டையாகத் தொடங்கிய நூல் கிண்ணமாகி உருண்டையாக மூடிக்கொள்கிறது. மூடுவதற்கு முன் பஞ்சை அடைத்தாக வேண்டும். அடைத்த பஞ்சு கண்ணிகளின் இடுக்கில் தெரியாதிருக்க, அந்த நூலின் கனத்துக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியைவிடச் சிறியதாக எடுத்து இறுக்கிப் பின்னுவார்கள். ஜப்பானில் அமிகுருமி என்ற பெயரோடு வளர்ந்து இன்று உலகமெங்கும் பரவிவிட்ட கைவேலை இது. இதுவரை இதில் புதிர் ஒன்றும் இல்லை; பொம்மை செய்கிறார்கள், அவ்வளவுதான். கரடி முடிந்தபின் அதே கை மஞ்சள் நூலை எடுத்து அதற்கு ஒரு மழைக்கோட்டு பின்னத் தொடங்கும்போதுதான் புதிர் வருகிறது. தொப்பியில் காதுகள் வெளியே வர இரண்டு துளைகள், முன்பக்கம் பொத்தான்கள், அவற்றைப் போடவும் கழற்றவும் முடியவேண்டும். கரடி மழையில் போகப்போவதில்லை. போனாலும் அதற்குக் குளிராது. பின்னுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒருவர் தன் மாலைப் பொழுதுகளை அந்தக் கோட்டுக்குக் கொடுப்பதை எப்படிப் புரிந்துகொள்வது? பொழுதுபோக்கு என்றோ அழகு என்றோ சொல்லிவிடலாம். அந்தப் பதில்களில் பொய்யில்லை, ஆனால் அவை போதவில்லை. தேவையே இல்லாத ஒன்றுக்குத் தேவை இருப்பதுபோல் பார்த்துப் பார்த்துச் செய்வது, மதங்கள் நெடுங்காலமாகத் தமக்குள் சண்டையிட்டுவரும் விஷயம். மார்கழிக் குளிருக்கு மூலவருக்குப் போர்வை சாத்துகிறவரிடம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான்.

அந்தக் கேள்வியின் மிகக் கூர்மையான வடிவம் விவிலியத்தில் ஏசாயாவின் 44ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவன் மரம் வெட்டுகிறான். ஒரு பாதியை எரித்து அப்பமும் இறைச்சியும் சுட்டுத் தின்று குளிர்காய்கிறான். மீதியைச் செதுக்கித் தெய்வமாக்கி, அதன் முன் விழுந்து தன்னைக் காப்பாற்றச் சொல்கிறான். ஒரே மரத்தின் ஒரு பாதி சாம்பல், இன்னொரு பாதி கடவுள். தீர்க்கதரிசி இதைச் சொல்லும் விதத்தில் தேர்ந்த நையாண்டிக்காரரின் கை தெரிகிறது. தமிழில் கல்லுக்குப் பூச்சூட்டி மந்திரம் சொல்கிறவர்களைச் சிவவாக்கியர் மடக்கியதும் ஏறக்குறைய இதே முறையில்தான். ஒருவருக்குக் கடவுள் படைப்புக்கெல்லாம் அப்பால், மற்றவருக்கு நெஞ்சுக்குள். ஆனால் இருவருக்கும் எரிச்சல் ஒரே இடத்தில் வருகிறது. ஏசாயாவின் மரவேலைக்காரன் எங்கே தவறினான் என்று கவனித்துப் பார்த்தால், அவன் செதுக்கியதில் அந்தச் சிரிப்பு பிறக்கவில்லை. மரத்திடம் இல்லாத ஒன்றை மரத்திடம் கேட்டானே, அங்கே பிறக்கிறது. மீந்த கட்டையில் மகளுக்கு ஒரு குதிரை செய்து கொடுத்திருந்தால் தீர்க்கதரிசிக்குச் சிரிக்க ஒன்றுமே கிடைத்திருக்காது. என் வாதம் இங்கே தொடங்குகிறது. கையால் செய்த ஓர் உருவம் விக்கிரகமா பொம்மையா என்பதை அதனிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதை வைத்தே தீர்மானிக்க முடியும். முகத்தையும் உடையையும் செய்த பொருளையும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. கரடிக்குக் கோட்டு பின்னுகிறவர் அதனிடம் எதையும் கேட்பதில்லை. வழிபாட்டில் எப்போதும் வேண்டுதலோடு ஒட்டியே வரும் ஓர் உபசாரத்தை வேண்டுதலிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே செய்கிறார்.

செய்வதே தடை என்று வாசிப்பவர்கள் உண்டு. யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரம், வணங்கக் கூடாது என்று சொல்லும் முன்பே உண்டாக்கக் கூடாது என்கிறது. உருவம் படைப்பதற்கு எதிரான நபிமொழிகளும் கடுமையானவை. அதனால்தான் அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஒரு சிறிய செய்தி எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. நபிகள் நாயகம் ஒரு படையெடுப்பு முடிந்து வீடு திரும்புகிறார். அது தபூக்கா கைபரா என்பதில் அறிவித்தவருக்கே ஐயம். காற்றில் திரை விலக, மாடத்தில் அவர் மனைவி ஆயிஷா நாயகியின் பொம்மைகள் தெரிகின்றன. நடுவில் ஒரு குதிரை. அதற்குத் துணிக் கிழிசல்களால் ஆன இரண்டு சிறகுகள். இது என்ன என்று கேட்கிறார். குதிரை என்கிறார் ஆயிஷா. அதன்மேல் இருப்பது? சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று அவர் வியக்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே, கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பல் தெரிய அவர் சிரித்தார் என்று ஆயிஷா நாயகியே நினைவுகூர்கிறார். சட்ட அறிஞர்கள் இந்தச் செய்தியை வைத்து நிறையவே வாதாடியிருக்கிறார்கள். சிறுமிகளின் விளையாட்டுப் பொருளுக்கு விலக்கு உண்டு என்றவர்கள் பலர். அது தடை வருவதற்கு முந்திய நிலை என்றவர்களும், அந்தப் பொம்மைகளுக்கு முகம் தெளிவாக இருந்திருக்காது என்றவர்களும் உண்டு. முகம் பற்றிய விளக்கம் என்னை நம்பவைக்கவில்லை. குதிரை என்று சொன்னதும் அதில் கேட்டவருக்கு மறுப்பு எழவில்லை, சிறகில்தான் எழுந்தது. சிலை வணக்கத்தை அடியோடு எதிர்த்த ஒருவர், வேடம் கட்டிய துணி விலங்கு ஒன்றைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தக் குதிரையிடம் யாரும் மழை கேட்கவில்லை, வெற்றி கேட்கவில்லை. அதற்குச் சிறகு கொடுத்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்க்கலாம். பொம்மையாகவே தோன்றும் ஒன்று விக்கிரகத்தின் வேலையைச் செய்ய முடியுமா? ஜப்பானின் நாரா நகரத்தில் நாராமச்சி என்ற பழைய பகுதியில் வீட்டு முகப்புகளில் சிவப்புத் துணியில் பஞ்சடைத்த குரங்குகள் தொங்குகின்றன. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அவை குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். உண்மையில் அவை பதிலாட்கள்: வீட்டில் எத்தனை பேரோ அத்தனை குரங்கு, ஆளுக்கு வரவிருக்கும் கெடுதியை அவரவர் குரங்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுநாள் மழை பெய்யக் கூடாது என்று ஜன்னலில் கட்டும் டெரு டெரு போஸு என்ற வெள்ளைத் துணிப் பொம்மையும் அப்படித்தான்; அதற்கு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. துணியும் பஞ்சும் நூலும் ஒன்றாகவே இருக்க, கேட்கிற செயல் அவற்றை வேறு ஒன்றாக்கிவிடுகிறது. கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக விழும் என்று நான் சொல்லவில்லை. டோக்கியோவின் ஸோஜோஜி கோயிலில் வரிசை வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு ஜிஸோ சிலைகளின் தலையில் கம்பளி நூலில் பின்னிய சிவப்புத் தொப்பிகள் இருக்கின்றன, பக்கத்தில் காற்றாடிகள். பிறக்குமுன்னோ பிறந்த சில நாளிலோ குழந்தையை இழந்தவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி ஜிஸோவிடம் வேண்டிக்கொள்கிறார்கள். இங்கே கேட்பும் கொடுப்பும் ஒரே கல்லின்மேல் நடக்கின்றன. ஆனால் இங்கும் எது எது என்று ஓரளவு பிரித்தறிய முடிகிறது. வேண்டுதலுக்கு ஊதுவத்தியும் கூப்பிய கையும் போதும். தொப்பி இல்லாவிட்டாலும் வேண்டுதல் குறைந்துவிடாது. தொப்பி, தலை குளிருமே என்ற நினைப்பிலிருந்து வருகிறது. கல்லுக்குக் குளிராது என்பதை அந்தத் தாயிடம் போய் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெறுபவர் இல்லாமல் கொடுப்பதற்கு அர்த்தம் உண்டா என்பதை நம் பக்கத்து மரபுகள் வியக்கத்தக்க துணிச்சலோடு விவாதித்திருக்கின்றன. மீமாம்சை சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர், தெய்வத்துக்கு உடம்பு கிடையாது, அது உண்பதும் இல்லை என்கிறார். வண்டு தேனை எடுப்பதுபோல் தெய்வம் சாரத்தை மட்டும் உண்கிறது, அதனால்தான் படைத்த சோறு சுவை குன்றிப்போகிறது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. காற்றுப்பட்டு ஆறிப்போனால் சோறு சுவை குன்றத்தான் செய்யும் என்று அவர் பதில் தருகிறார். வேதத்தைக் காக்க எழுந்த ஒருவரிடமிருந்து இந்தப் பதில் வருவது இன்றைக்கும் ஒரு சின்ன அதிர்ச்சிதான். ஆனாலும் வேள்வி வீண் என்று அவர் சொல்லவில்லை. செயலே பலனைத் தரும், வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டியதில்லை. பௌத்தத்தில் மிலிந்த பன்ஹா இதே முடிச்சை வேறு விதமாகப் போடுகிறது. புத்தர் நம் பூசையை ஏற்கிறார் என்றால் அவர் முற்றிலும் அணைந்துவிடவில்லை. ஏற்கவில்லை என்றால் பூசை வீண். எது சரி என்று கிரேக்க அரசன் மிலிந்தன் கேட்கிறான். ஏற்கவில்லை, இருந்தும் வீணில்லை என்கிறார் துறவி நாகசேனர். பெருநெருப்பு ஒன்று எரிந்து அணைந்தபின் அது வைக்கோலையோ விறகையோ கேட்பதில்லை; ஆனால் நெருப்பு வேண்டியவர்கள் கட்டையைக் கடைந்து தம் முயற்சியால் உண்டாக்கிக்கொள்வார்கள் என்கிறார். இரண்டு பதில்களும் அழகானவை. இரண்டிலும் எனக்கு ஒரே குறை. பெறுபவரை எடுத்துவிட்டவர்கள் பலனை எடுக்கவில்லை. சபரருக்குச் சொர்க்கம் வேண்டும், நாகசேனருக்குப் புண்ணியம் வேண்டும். கேட்பு தெய்வத்திடமிருந்து செயலுக்கு இடம் மாறியிருக்கிறது, போய்விடவில்லை. நூல் கரடியின் முன்னால் உட்கார்ந்திருப்பவரோ இவர்கள் இருவரையும்விட ஒரு படி தள்ளிப் போயிருக்கிறார். அங்கே வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, கோட்டு பின்னியதால் மறுமையில் வரவு வைக்கப்படும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

அப்படியானால் அது வெறும் வீண்வேலைதானே? இல்லை என்பதற்கு என் சான்று அந்தக் கைவேலையிலேயே இருக்கிறது. வெறும் வீண்வேலையில் தவறு செய்ய முடியாது, கோட்டில் முடியும். தொப்பியின் துளை காதைவிட ஒரு கண்ணி தள்ளி விழுந்தால் தொப்பி முகத்தில் சரியும். அக்குள் பக்கம் கண்ணி குறைந்தால் கை தூக்கியபடியே நிற்கும். பின்னுகிறவர்கள் இதைக் கண்டதும் நாலைந்து சுற்றுகளைக் கூசாமல் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். கண்களின் விஷயம் இன்னும் கறாரானது. பிளாஸ்டிக் கண்ணின் தண்டை முகத்தில் செருகி உள்ளிருந்து வளையத்தை அழுத்திவிட்டால் பிறகு கழற்ற முடியாது; ஆகவே முதலில் குண்டூசியைக் குத்தி வைத்து, தள்ளி நின்று பார்த்து, ஒரு கண்ணி மேலே, அரைக் கண்ணி உள்ளே என்று நகர்த்திப் பார்க்கிறார்கள். யாருக்காக இந்தக் கணக்கு? பார்ப்பவர் பாராட்டுக்காக என்றால் பாதி உண்மை. வேலையில் பெரும்பகுதி பார்ப்பவர் கண்ணுக்கே படாது. கரடிக்காக என்று சொல்வதுதான் நடப்பதைச் சரியாக விவரிக்கிறது, கரடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றபோதிலும். அந்தப் பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலை வைக்கிறது, கை அதற்குக் கட்டுப்படுகிறது. உடை இந்த அளவுகோலை இன்னும் இறுக்குகிறது. உடையில்லாத கரடி ஏதோ ஒரு கரடி. கோட்டுப் போட்ட கரடி இந்தக் கரடி, எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கும் கரடி. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயல் கதையில் இது நுட்பமாக வருகிறது. தோட்டத்துக்குள் திருடப் போன முயல் காலணிகளைத் தொலைத்ததும் நாலு காலில் ஓடத் தொடங்குகிறது. பித்தளைப் பொத்தான் வைத்த நீலச் சட்டை வலையில் மாட்டிக்கொள்ள, அதை உதறிவிட்டுத்தான் உயிர் தப்புகிறது. சட்டையோடு அது பீட்டர், சட்டை போனதும் முயல். எழுதியவருக்கு இது எவ்வளவு கைப்படத் தெரிந்திருந்தது என்றால், மறுவருடமே பீட்டர் பொம்மை ஒன்றைத் தானே தைத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவிட்டார்.

உளவியல் இதையெல்லாம் சுலபமாக முடித்துவைக்கப் பார்க்கும். 1944இல் ஹைடரும் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டியபோது, பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே துரத்துகிறது, பயப்படுகிறது, கோபப்படுகிறது என்றுதான் விவரித்தார்கள். முக்கோணத்துக்கே கோபம் வரும் என்றால், இரண்டு கண் வைத்த கரடி எந்த மூலைக்கு? எங்கும் உயிரைக் கண்டுபிடிப்பது நம் மூளையின் பழக்கம், அந்தப் பழக்கம் வழிதவறிய இடம்தான் பொம்மை என்பார்கள். சரி, பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு இது நல்ல விளக்கம். வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு விளக்கமில்லை. மேலும், தவறு என்றால் ஏமாந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். பஞ்சைத் தன் கையால் அடைத்தவரைவிட உள்ளே பஞ்சுதான் இருக்கிறது என்று உறுதியாக அறிந்தவர் யார்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைப் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்லின் சிந்தனையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கலப்பில்லாத கவனமே பிரார்த்தனை என்று கருதியவர் அவர்; இதுவரை சொன்னதற்கெல்லாம் அவர் துணைவருவார் என்று தோன்றும். ஆனால் அதே வெய்லுக்குக் கற்பனைமேல் ஆழ்ந்த சந்தேகம் உண்டு. நெஞ்சில் விழும் வெற்றிடத்தைத் தாங்க மாட்டாமல் நாம் கற்பனையை இட்டு நிரப்பிவிடுகிறோம், அருள் நுழையும் வழி அடைபட்டுவிடுகிறது என்பது அவர் எண்ணம். அவர் வழியே பார்த்தால் கரடிமேல் வைக்கும் அன்பு ரொம்ப வசதியான அன்பு. கரடி மறுக்காது. மழைக்கோட்டு பிடிக்கவில்லை, நீ எனக்கு இதைக் கேட்டதே இல்லை என்று சொல்லாது. மறுப்பே வராத இடத்தில் காட்டும் அக்கறை தன்னைத்தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்வதாக முடியும். இதை நான் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். நூலும் ஊசியும் மறுக்கும், அளவு மறுக்கும், ஆனால் ஆள் மறுப்பதுபோல் ஆகாது. உயிருள்ள ஒருவரிடம் பழகக் கற்பதற்குப் பொம்மை பயிற்சிக்கூடம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை. பொம்மையைக் கொஞ்சிவிட்டு வேலைக்காரச் சிறுமியை அடிக்கும் வீடுகள் இருந்திருக்கின்றன. ஆனால் மறுக்க முடியாமை எல்லா இடத்திலும் ஒரே விதமானது அல்ல. இங்கிலாந்தின் சஸெக்ஸில் பிராம்பர் என்ற கிராமத்தில் வால்டர் பாட்டர் என்ற பாடம் செய்பவர் 1890 வாக்கில் ஒரு காட்சி அமைத்தார்: பூனைக்குட்டிகளின் கல்யாணம். உண்மையான குட்டிகள், பாடம் செய்து, கல்யாண உடுப்பு மாட்டி, நகை பூட்டி, பாதிரியார் முன் இரண்டு காலில் நிறுத்தப்பட்டவை. காட்சிக்கென்று கொல்லப்பட்டவை அல்ல என்றே சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனாலும் படத்தைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது, காரணமும் தெளிவு: அந்த உடுப்புக்குள் ஒருகாலத்தில் ஒரு மறுப்பு இருந்தது, பிறாண்டுகிற நகமும் ஓடுகிற காலும் இருந்தன, அவை நின்றபிறகு உடுத்திவிட்டார்கள். இன்று நாய்க்குச் சட்டை மாட்டிப் படம் எடுப்பவர்களிடம், நாய் தலையை உதறுவதைப் பார்த்தும் விடாதவர்களிடம், இதன் சாயல் உண்டு. நூலில் பின்னிய பூனைக்குப் பாவாடை கட்டும்போது யாருடைய மறுப்பும் மீறப்படவில்லை. வேடம் கட்டிப் பார்க்கும் ஆசை மனிதருக்கு இருக்கிறது என்றால், அது போய்ச் சேரக் குற்றமில்லாத இடம் அதுதான்.

இனி நான் கொஞ்சம் தயங்கும் இடம். கேட்காமல் கொடுப்பது என்று நான் உயர்த்திப் பேசுவதை வைத்தே ஆட்களை ஏமாற்ற முடியும், ஏமாற்றியும் இருக்கிறார்கள். குரோஷேயை முழுமையாகப் பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே கடையில் தொங்கும் மிக மலிவான நூல் கரடியின் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார், பெரும்பாலும் ஒரு பெண். ஆந்திரத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபூருக்கு இந்தக் கொக்கி வேலையை 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் கொண்டுவந்தார்கள். அங்கே வீடுகளில் பின்னப்பட்ட லேஸ் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததை ஆராய்ந்த மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் காட்டியது இதுதான்: பின்னிய பெண்களை உழைப்பாளிகளாக யாரும் கணக்கில் வைக்கவில்லை, வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்ற பேச்சு கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்க உதவியது. ஓய்வு, அன்பு, பொழுதுபோக்கு என்ற சொற்கள் வியாபாரியின் வாயில் என்ன வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே என் வாதத்துக்கு ஓர் எல்லை போட்டுவிடுகிறேன். கொடுப்பு என்று நான் சொன்னதெல்லாம் பின்னுகிறவரும் கொடுக்கிறவரும் ஒருவராக இருக்கும்போது மட்டும் பொருந்தும். அடுத்தவர் விரலை வாடகைக்கு எடுத்து அதைத் தன் அன்பாக விற்பவருக்கு இங்கே இடமில்லை. ஏசாயாவின் ஆள் மரத்திடம் கேட்டான். இவர்கள் பெண்களிடம் கேட்கிறார்கள், கேட்டதை வெளியே சொல்வதும் இல்லை.

பொம்மைவேலைக்கு மதத்துக்குள்ளேயே கிடைத்திருக்கும் பெரிய ஆதரவு தமிழில் இருக்கிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். கண்ணன் அதைச் சிதைக்க வருகிறான். வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டியது என்பதே அவர்களுடைய வாதம். கடவுளிடம் மணலைவிடப் பெரிய எதையாவது கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. மணல் வீட்டில் யாரும் குடியேறப்போவதில்லை, நாளை அது இருக்கப்போவதும் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும் அவன் கால் அதன்மேல் படுவது அத்துமீறல்தான் என்று கடவுள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சுற்றிலும் காதல் இருக்கிறது, ஊடல் இருக்கிறது, உரையாசிரியர்கள் அதிலிருந்து எவ்வளவோ எடுத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது நேர்ப்பொருள் மட்டும்: செய்யப்பட்ட பொருளில் செய்தவரின் கவனம் தங்கியிருக்கிறது, அதைத் தட்டிவிடும் உரிமை படைத்தவனுக்கும் தானாக வந்துவிடாது.

இது சரியென்றால் கரடி நைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் பிப்ரவரி 8 அன்று டோக்கியோவின் ஸென்ஸோஜி கோயிலில் ஒடிந்த தையலூசிகளை மெத்தென்ற டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்கிறார்கள். கடின வேலை பார்த்த ஊசிக்கு மெதுவான படுக்கை. வாகயாமாவின் ஆவாஷிமா ஆலயத்துக்கு நாடெங்கிலுமிருந்து பழைய பொம்மைகள் வந்து குவிகின்றன. மார்ச் 3 அன்று சிலவற்றைப் படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்புகிறார்கள். இதில் நன்றி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று சந்தேகப்படுபவருக்கு நியாயம் உண்டு. ஆண்டிறுதிச் சுத்தத்தில் தூக்கி எறியப்பட்ட பழைய சாமான்கள் பேயாகிப் பழிவாங்கும் கதை அங்கே பழைய ஓவியச் சுருளாகவே இருக்கிறது. பயம் என்றால் அது மறுபடியும் கேட்புதான்: என்னை ஒன்றும் செய்துவிடாதே. நம் பக்கத்தில் கொலு முடிந்த விஜயதசமி இரவில் ஒரு பொம்மையையாவது படுக்கவைத்துவிட்டுத்தான் மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். அதில் பயம் துளியும் இல்லை. உடைந்த சாமி படத்தை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோமே, அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பை மரத்தின் தலையில் கட்டும் வேலை அது. குரோஷேயில் வேறு ஒரு வழியும் இருக்கிறது. கடைசி முடிச்சைத் தேடி வெட்டி இழுத்தால், இடையில் நூல் மாற்றாத பொம்மை 18, 12, 6 என்று பின்னோக்கி அவிழ்ந்து பழைய நூலாகிவிடும். தான் பின்னியதைத் தானே பிரிப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவர் பின்னியது என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் இறந்துபோயிருந்தால் என் வாதம் அதற்குமேல் உதவாது. ஆவாஷிமா போன்ற ஓர் இடம் தேவைப்படுவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.